மாமாவின் கேசட்டில் மிஞ்சிய நாற்பது வினாடி

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உட்காருங்க. மொக்கை இருக்காதுன்னு உத்தரவாதம் தர முடியாது. ஆனா கட்சி கும்மி கிடையாது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா திண்டுக்கல். சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிறவன் லீவுல வந்தா வீட்டுல என்ன வேலை கொடுப்பாங்க? பரண் சுத்தம் பண்ற வேலை. அதுவும் மாமா வீட்டுப் பரண். மாமா 90 வாக்கில் எங்க ஏரியாவுல கேபிள் டிவி ஆரம்பித்தவர். கூடவே கல்யாண வீடியோவும் எடுப்பார். செட்டாப் பாக்ஸ் வந்ததும் ரெண்டையும் மூட்டை கட்டிட்டார். பரணில் ஒரு தகரப் பெட்டி, அதில் அறுபது எழுபது வீடியோ கேசட். பாதியில் பூஞ்சை. "தூக்கிப் போடு மாப்ள, எவன் இனிமே பாக்கப் போறான்" என்றார்.

மேலே ஒட்டியிருந்த லேபிள்களைப் படித்துக்கொண்டே போனேன். கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம். ஒரு கேசட்டில் மட்டும் பழைய எழுத்தை அடித்துவிட்டு அதன் மேல் 'சடங்கு' என்று எழுதியிருந்தது. அடித்ததற்குக் கீழே உற்றுப் பார்த்தால் 'பஸ் ஸ்டாண்ட் 97'.

நான் பிறந்த வருசம். விடுவேனா? தெரிந்த ஸ்டூடியோவில் பழைய விசிஆர் ஒன்றை இரவல் வாங்கி, ஆன்லைனில் வாங்கிய யூஎஸ்பி கேப்சர் கருவியோடு இணைத்து, அந்தக் கேசட்டை லேப்டாப்பில் ஏற்றினேன். இரண்டே கால் மணி நேரம் யாரோ ஒரு வீட்டுச் சடங்கு. தாய்மாமன் சீர், தட்டுகள், சாப்பாட்டுப் பந்தி. அது முடிந்து திரையில் கோடு கோடாக வந்து, பிறகு திடீரென்று பட்டப் பகல். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட். வரிசையாகப் பஸ்கள் நிற்கின்றன, உள்ளே ஆள் இல்லை. பக்கவாட்டில் 'ராணி மங்கம்மாள் போக்குவரத்துக் கழகம்' என்று எழுதியிருக்கிறது. ஒரு பஸ்ஸின் முன் கண்ணாடி உடைந்திருக்கிறது. யாரோ ஒருவரின் கை கேமராவை மறைக்கிறது. "எடுக்காதீங்கண்ணே" என்று ஒரு குரல். அவ்வளவுதான். மொத்தம் நாற்பது வினாடி.

மாமாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "தெக்க போற வண்டியெல்லாம் கல்லடின்னு நிப்பாட்டி வச்சிருந்தாய்ங்க. நம்ம லோக்கல் சேனல்ல போடலாம்னு எடுத்தேன். போடக்கூடாதுன்னு போன் வந்துச்சு. கேசட்டை எதுக்கு வீணாக்குறதுன்னு அது மேலயே சடங்கை எடுத்துட்டேன்" என்றார்.

அந்த நாற்பது வினாடியில் தெரிகிற பஸ்ஸின் பெயரும், அந்தக் கையும், அந்தப் போனும் தொண்ணூறுகளில் எங்க ஊர் டிவி செய்தியின் சரித்திரத்தைக் கிட்டத்தட்ட முழுசாகச் சொல்லிவிடுகின்றன. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

கொடைக்கானல் பார்த்த ஆன்டெனா

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஆரம்பித்தது 1975 ஆகஸ்ட் 15. ஆனால் அது சென்னைக்குத்தான். தென் மாவட்டங்களில் எண்பதுகளில் டிவி வைத்திருந்தவர்களில் பலர் பனை உயரத்துக்குக் கம்பம் நட்டு, 1982ல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினியைப் புள்ளி புள்ளியாகப் பார்த்தார்கள். எண்பதுகளின் பிற்பகுதியில் கொடைக்கானல் மலையில் சக்தி வாய்ந்த ஒளிபரப்பு நிலையம் வந்த பிறகுதான் எங்க பக்கத்து மொட்டைமாடி ஆன்டெனாக்கள் எல்லாம் மேற்கே மலைப் பக்கம் திரும்பின. அப்பா சொல்வார், காற்று அடித்தால் ஒருத்தர் மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்ப, இன்னொருத்தர் கீழிருந்து "இப்போ தெரியுது, இப்போ போச்சு" என்று கத்துவாராம்.

செய்தி என்றால் ஷோபனா ரவி, வரதராஜன். நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு எழுத்தும் பிசகாமல் வாசிப்பார்கள். எங்க தாத்தா பதில் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் கேட்பாராம்.

அந்தச் செய்தியில் ஒரு சொல் அடிக்கடி வரும். 'இரு தரப்பினர்'. எங்கேயாவது சாதிக் கலவரம் என்றால் இரு தரப்பினரிடையே மோதல், போலீஸ் விரைந்தது, நிலைமை கட்டுக்குள் இருக்கிறது. யார் அந்த இரு தரப்பு? பேர் கிடையாது. தெரு கிரிக்கெட்டில் கூட ரெண்டு டீமுக்கும் பேர் இருக்கும் :-)

கிண்டல் பண்ணினாலும் இதில் ஒரு நியாயம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பேரைச் சொன்னால் செய்தி போய்ச் சேர்கிற ஊரிலெல்லாம் பழிக்குப் பழி கிளம்பும் என்ற பயம். பிரிவினைக் காலத்திலிருந்து இந்தியப் பத்திரிகைகள் பழகிய எச்சரிக்கை அது. 1989 செப்டம்பரில் போடிநாயக்கனூரில் கலவரம் நடந்தபோது எங்க பக்கத்தில் டிவி என்றால் தூர்தர்ஷன் மட்டும்தான். போடி எங்களுக்குப் பக்கம். வத்தலக்குண்டு தாண்டிப் போனால் வந்துவிடும். டிவியில் கேட்டதை விட பஸ் டிரைவர்களிடம் கேட்டதுதான் அதிகம் என்பார் அப்பா. டிவி பேர் சொல்லாத இடத்தை வதந்தி நிரப்பிக்கொண்டது.

இந்தச் சொல்லில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதை எனக்குக் காட்டியவன் என் ஹாஸ்டல் ரூம்மேட்.

ஒரே வாரம்

காலேஜ் இரண்டாம் வருசம். ஹாஸ்டலில் ஒரு ராத்திரி சும்மா யூடியூபில் பழைய வீடியோ பார்த்துக்கொண்டிருந்தோம். ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் கல்யாணம் வந்தது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். 1995 செப்டம்பர் 7, சென்னை. விருந்துக்கு வந்த கூட்டத்துக்காகக் கின்னஸ் புத்தகத்தில் ஏறிய கல்யாணம். நகையைப் பார்த்து நாங்கள் ஆளுக்கொரு கமெண்ட் அடித்துக்கொண்டிருந்தோம். ரூம்மேட் தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், ரொம்பப் பேச மாட்டான். அவன் மெதுவாகச் சொன்னான்: "இந்தக் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடிதான் எங்க சித்தி ஊர்ல போலீஸ் பூந்துச்சு."

ஊர் பேர் கொடியன்குளம். நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. "உங்க ஊர் டிவில அதை என்ன காட்டினாங்க?" என்று கேட்டான். பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அந்தக் கேள்வி இத்தனை வருசமாக என்னோடு இருக்கிறது.

நடந்தது இதுதான். 1995 ஜூலை கடைசியில் வீரசிகாமணியில் ஒரு பஸ்ஸில் டிரைவருக்கும் மாணவர்களுக்கும் தகராறு. அது சாதி மோதலாகி நெல்லை, தூத்துக்குடி பக்கங்களில் வாரக் கணக்கில் பரவியது. ஆகஸ்ட் 31ஆம் தேதி, சுமார் 600 போலீசார் கொடியன்குளத்துக்குள் நுழைந்தார்கள். அது தலித் மக்களின் ஊர். வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைத்து, கல்வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்திருந்த ஊர். பத்திரிகையாளர்களும் மனித உரிமைக் குழுக்களும் பின்னர் பதிவு செய்தது: டிவி, மின்விசிறி, தையல் மெஷின் எல்லாம் நொறுக்கப்பட்டன. பாஸ்போர்ட், சர்டிபிகேட் எல்லாம் கிழிக்கப்பட்டன. நகையும் பணமும் போயின. கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று ஊர் மக்கள் சொன்னார்கள்.

இப்போது அந்த 'இரு தரப்பினர்' என்ற சொல்லை இங்கே வைத்துப் பாருங்கள். ஒரு தரப்பு ஊர் மக்கள், இன்னொரு தரப்பு? போலீஸ்! மோதலை விலக்க வருகிறவர் என்ற இடத்தில் செய்தி வழக்கமாக யாரை வைத்திருந்ததோ, அவரே அடித்தவர் என்றால் அந்த வாக்கியத்தில் அதைச் சொல்ல இடமே இல்லை. பேரை மறைப்பதற்காக வந்த சொல், போலீசையும் சேர்த்து மறைத்தது. பழிக்குப் பழியைத் தடுக்க வந்த ஜாக்கிரதை, பொறுப்பானவர்களைக் காப்பாற்றுகிற போர்வையாகவும் ஆகிவிட்டது. நான் இந்தப் பதிவில் சொல்ல நினைத்த விஷயங்களில் முதலாவது இது.

கல்யாணத்துக்குக் கேமரா உண்டு, ரெய்டுக்கு?

சரி, தூர்தர்ஷன் அரசாங்க டிவி, அப்படித்தான் இருக்கும். 95ல் தனியார் டிவி வந்துவிட்டதே என்று கேட்பீர்கள்.

வந்துவிட்டது. 1991 வளைகுடாப் போரை சிஎன்என்னில் பார்த்த பிறகு இந்தியா முழுக்க டிஷ் முளைத்தது. மாமா அதுவரை விசிஆரில் படம் போட்டு ஒயர் வழியாக நாற்பது வீட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தவர். கடன் வாங்கி மாடியில் பெரிய டிஷ் வைத்தார். 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி தொடங்கியது. முதலில் நாளுக்குச் சில மணி நேரம்தான். ஆனாலும் தமிழ். மாமாவின் நாற்பது வீடு இரண்டு வருசத்தில் நானூறு ஆனது.

1995ஆம் வருசத்தைப் பாருங்கள். பிப்ரவரி 9ல் சுப்ரீம் கோர்ட், ஒளிபரப்பு அலைகள் பொதுச் சொத்து, அரசாங்கத்தின் ஏகபோகம் இல்லை என்று தீர்ப்பு சொன்னது. மார்ச்சில் கேபிள் டிவி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. மாமா தலைமைத் தபால் நிலையத்துக்குப் போய்ப் பதிவு செய்தார். ஆமாம், அப்போது கேபிள்காரர் பதிவு செய்ய வேண்டியிருந்த இடம் தபால் ஆபீஸ்தான்! ஆகஸ்ட் 31ல் கொடியன்குளம். செப்டம்பர் 7ல் கல்யாணம்.

அலைக்கு விடுதலை கிடைத்த அதே வருசத்தில், ஒரு வார இடைவெளியில் இரண்டு நிகழ்ச்சி. இதில் ஒன்றைத்தான் தமிழ்நாடு திரும்பத் திரும்பப் பார்த்தது. 1996 தேர்தல் சமயத்தில் சன் டிவி அந்தக் கல்யாணக் காட்சிகளை ஓட்டியது. ரஜினியின் பேச்சும் சன் டிவியில்தான் வந்தது. ஆட்சி கவிழ்ந்தது, பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார். டிசம்பரில் போயஸ் கார்டன் சோதனையில் எடுத்த நகை, புடவை, செருப்பு எல்லாம் திரையில் வரிசை கட்டின. எங்க அம்மாவுக்கு இன்றைக்கும் அந்தச் செருப்புகள் ஞாபகம் இருக்கிறது. கொடியன்குளம்? "அப்படி ஒரு ஊரா?" என்றார்.

எதிர்க்கட்சிக் குடும்பத்துச் சேனல் தானே, ஆட்சிக்கு எதிரான விஷயம் என்றால் கொடியன்குளமும் அல்லவா அவர்களுக்கு அல்வா மாதிரி கிடைத்திருக்க வேண்டும்? நானும் அப்படித்தான் யோசித்தேன். மாமாதான் தொழில்காரர் பாணியில் விளக்கினார். "மாப்ள, கல்யாணத்துக்கு வீடியோக்காரனைப் பத்திரிகை வச்சுக் கூப்பிடுவாய்ங்க. ரெய்டுக்கு எவன்டா கூப்பிடுவான்?"

யோசித்துப் பார்த்தால் ரொம்பப் பெரிய உண்மை. பணமும் அதிகாரமும் உள்ள இடத்தில் ஏற்கனவே விளக்கு போட்டு, கோணம் பார்த்து, கேமரா நிற்கிறது. எதிரிக்குக் கூட அந்தப் படம்தான் கையில் கிடைக்கிறது. மானாவாரிக் காட்டுக்குள் இருக்கிற ஊரில் பகலில் நடந்ததற்கு, கேமரா போய்ச் சேரும்போது மிஞ்சியிருப்பது உடைந்த பாத்திரம்தான். அன்றைய தொழில்நுட்பமும் மெதுவானது. தனியார் சேனல்கள் இந்தியாவிலிருந்தே செயற்கைக்கோளுக்கு அனுப்ப 1998 வாக்கில்தான் அனுமதி கிடைத்தது. அதுவரை கேசட் விமானம் ஏறி வெளிநாடு போய், அங்கிருந்து வானத்துக்குப் போய், அப்புறம் நம்ம மாடி டிஷ்ஷில் இறங்கும்.

இன்னொரு காரணம் ஓட்டு. நகைக்கும் செருப்புக்கும் எதிராகப் பேசினால் எந்தச் சாதியும் கோபப்படாது. கொடியன்குளத்தைப் பேசினால் யாராவது ஒரு தரப்பு கணக்கில் குறையும். இது என் ஊகம்தான். உங்களுக்கு வேறு காரணம் தெரிந்தால் சொல்லுங்கள்.

கொடியன்குளம் பற்றி எழுத்தில் இருக்கிறது. ஃப்ரண்ட்லைனில் எஸ். விஸ்வநாதன் எழுதிய கட்டுரைகள் 2005ல் நவயானா வெளியீடாகப் புத்தகமே வந்திருக்கிறது. ஆனால் படமாக நம் தலையில் இல்லை. 2021ல் மாரி செல்வராஜின் 'கர்ணன்' வந்தபோதுதான் என் வயசுக்காரர்கள் பலர் முதல்முறையாக அந்த மாதிரி ஒரு நாளைத் திரையில் பார்த்தோம். அதிலும் ஒரு கூத்து. கதை நடக்கும் காலம் 1997 என்று படத்தில் போட்டார்கள். 95ல் இருந்தது அதிமுக ஆட்சி, 97ல் திமுக ஆட்சி. ஆட்சேபம் கிளம்பியதும் தொண்ணூறுகளின் பிற்பகுதி என்று மாற்றினார்கள். அந்தக் கல்யாணத்தைப் பற்றி யாராவது படம் எடுத்து வருசத்தை மாற்றிப் போட்டிருக்க முடியுமா? முடியாது. அதன் காட்சி எல்லோர் கண்ணிலும் இருக்கிறது.

பஸ்ஸில் இருந்த பெயர்

இப்போது மாமாவின் நாற்பது வினாடிக்கு வருகிறேன்.

97ல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது அரசு. கட்டபொம்மன் படையில் இருந்த தலித் வீரர் அவர். அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சிலர் கிளம்ப, தென் மாவட்டங்களில் மறுபடியும் கலவரம். பஸ்கள் மீது கல். அந்தக் கலவரத்தின் ஓரத்தில்தான் எங்க ஊர் பஸ் ஸ்டாண்டில் வண்டிகள் நின்றன, மாமா கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார்.

அரசு கண்டுபிடித்த தீர்வு என்ன? 1997 ஜூலையில் எல்லா மாவட்டங்களிலிருந்தும், எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயரையே எடுத்துவிட்டார்கள். எங்க மாவட்டம் 1985ல் மதுரையிலிருந்து பிரிந்ததிலிருந்து அண்ணா, காயிதே மில்லத், மன்னர் திருமலை என்று பல பேர் பார்த்தது. இப்போது வெறும் திண்டுக்கல். எங்க ஊரைத் தலைமையிடமாகக் கொண்டு ஓடிய ராணி மங்கம்மாள் கழகமும் அந்தப் பெயரை இழந்தது. எல்லாமே தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்.

நான் ஸ்கூல் படிக்கும்போது பழைய பஸ் ஒன்றில் பெயிண்டுக்கு அடியில் 'மங்கம்' என்று லேசாகத் தெரிவதைப் பார்த்து, அது பஸ் முதலாளி பேர் என்று நினைத்தேன் ஹி ஹி. ஒரு தலித் வீரரின் பெயரைப் பஸ்ஸில் பார்க்கப் பிடிக்காதவர்களுக்காகத்தான் அத்தனை பெயர்களும் அழிந்தன என்று எனக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை. 'இரு தரப்பினர்' செய்தியும் இதுவும் ஒரே யோசனை: பேரை எடுத்துவிட்டால் பிரச்சினை போய்விடும்.

போகவில்லை. அதே 97 ஜூன் 30ல், எங்க நத்தம் தாலுகாவை ஒட்டிய மேலூர் தாலுகாவில், மேலவளவு பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனும் கூட வந்தவர்களும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தலித்துக்கு ஒதுக்கிய பதவியில் நின்று ஜெயித்ததுதான் குற்றம். எங்க வீட்டில் இருந்து ஐம்பது அறுபது கிலோமீட்டர் இருக்கும். அப்போது நான் கைக்குழந்தை. "அந்தப் பக்கம் ஏதோ பிரச்சினைன்னு பேசிக்கிட்டாங்க" என்பதுதான் அம்மாவின் ஞாபகம். செய்தி தெரியாமலே நிம்மதியாக இருக்க முடிந்த வீடு எங்க வீடு. ரூம்மேட்டின் சித்தி வீட்டுக்கு அந்த வசதி இல்லை. எங்க வீட்டின் அந்த நிம்மதியையும் டிவி கணக்கில் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

அந்தப் போன்

மாமாவுக்கு வந்த போன் யாரிடமிருந்து என்று அவர் சொல்லவில்லை, நானும் எழுதப் போவதில்லை. ஆனால் சட்டத்தில் அதற்கு வழி இருந்தது. 95ஆம் வருசக் கேபிள் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மதம், சாதி, மொழி அடிப்படையில் பகையைத் தூண்டக்கூடிய நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்ல அதிகாரிகளுக்கு உரிமை தருகிறது. ஆர்டர் போட வேண்டும். போனில் சொன்னாலே போதும் என்று சட்டத்தில் இல்லை. ஆனால் நானூறு வீட்டுக்கு ஒயர் இழுத்து, மின்கம்பத்தில் கட்டித் தொழில் பண்ணுகிற ஆளுக்குப் போனே ஆர்டர்தான். "எதுத்துக் கேட்டா மறுநாள் கம்பத்துல ஒயர் இருக்காது" என்றார் மாமா.

லோக்கல் சேனல்கள் அதனால் என்ன செய்தன? திருவிழா, ஸ்கூல் ஆண்டு விழா, பிறந்தநாள் வாழ்த்து, காணவில்லை அறிவிப்பு, நகைக்கடை விளம்பரம். ஊரின் சந்தோஷம் முழுக்கக் கேசட்டில் இருக்கிறது. ஊர் பயந்த நாள் எதுவும் இல்லை.

படம் இருந்தாலும்

அப்போ படம் இருந்தால் நியாயம் கிடைத்திருக்குமா? இதற்கும் அந்தப் பத்து வருசத்திலேயே பதில் இருக்கிறது.

1999 ஜூலை 23, திருநெல்வேலி. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீசுக்குப் போன ஊர்வலம். தடியடியில் கூட்டம் தாமிரபரணிக்குள் ஓடியது. 17 பேர் இறந்தார்கள், ஒன்றரை வயசுக் குழந்தை உட்பட. இது பட்டப் பகலில், நகரத்தின் நடுவில். அன்று எடுத்த வீடியோக் காட்சிகள் இருந்தன. அதை வைத்து ஆர்.ஆர். சீனிவாசன் 'நதியின் மரணம்' என்று ஆவணப்படம் எடுத்தார். நீதிபதி மோகன் கமிஷன் விசாரித்தது. அதன் முடிவுகளைப் போராடியவர்கள் ஏற்கவில்லை. படம் விவாதத்தை முடிக்கவில்லை. ஆனால் ஒன்று செய்தது. அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று யாரும் சொல்ல முடியவில்லை.

2000 பிப்ரவரி 2. எங்க மாவட்டத்து வழக்கு. கொடைக்கானலில் பிளசண்ட் ஸ்டே ஓட்டலுக்கு விதியை மீறிக் கூடுதல் மாடிகள் கட்ட அனுமதி கொடுத்த வழக்கில் ஜெயலலிதாவுக்கு ஓராண்டுத் தண்டனை. (2001 டிசம்பரில் ஹைகோர்ட் விடுதலை செய்தது.) அன்றைக்கே தர்மபுரியில் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகளின் பஸ் எரிக்கப்பட்டது. கோகிலவாணி, காயத்ரி, ஹேமலதா. எரிகிற பஸ்ஸை டிவியில் பார்த்த அன்று எங்க தெருவில் யாரும் சமைக்கவில்லை என்று அம்மா சொல்வார். மூன்று பேருக்குத் தூக்கு என்று 2007ல் தீர்ப்பு. 2016ல் அது ஆயுளாகக் குறைந்தது. 2018ல் வெளியே வந்துவிட்டார்கள்.

கடைசியாக 2001 ஜூன் 30, நள்ளிரவு தாண்டி கருணாநிதி கைது. சன் டிவி ஒரு காட்சியைக் காட்டியது. 1999ல் தொடங்கியிருந்த ஜெயா டிவி, போலீஸ் எடுத்த வேறு காட்சியைக் காட்டியது. ஒரே வீடு, ஒரே ராத்திரி, இரண்டு வீடியோ. மாமாவின் கேபிளில் ரெண்டு சேனலும் அடுத்தடுத்த நம்பர். எந்தச் சேனல் ஓடுகிறது என்பதை வைத்து அந்த வீடு எந்தக் கட்சி என்று சொல்லிவிடலாமாம்.

பத்து வருசத்தில் தமிழ்நாட்டு டிவி எவ்வளவு தூரம் வந்துவிட்டது பாருங்கள். 'இரு தரப்பினர்' என்று பேர் சொல்லாத ஒரே சேனலில் ஆரம்பித்து, தரப்புக்கு ஒரு சேனல் என்று வந்து நின்றது. நடுவில் எந்தத் தரப்பிலும் சேனல் இல்லாதவர்கள் கொடியன்குளத்துக்காரர்கள்.

கடைசியாக

அந்த நாற்பது வினாடியை ரூம்மேட்டுக்கு அனுப்பினேன். இப்போது அவன் வெளிநாட்டில் இருக்கிறான். "கொடியன்குளம் இல்ல, ஆனா எங்க ஊரு டிவி என்ன காட்டுச்சுன்னு கேட்டியே, எடுத்தாங்க, காட்டல" என்று எழுதினேன். ரெண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "அந்தக் கை யாரோடது?" அவ்வளவுதான்.

எனக்குத் தெரியாதுடா என்று பதில் போட்டேன். ஆனால் அந்தக் கை திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் மட்டும் இருந்திருக்காது.

உங்க ஊரிலும் பழைய கேபிள்காரர், கல்யாண வீடியோக்காரர் யாராவது பரணில் பெட்டி வைத்திருப்பார். பூஞ்சை எல்லாவற்றையும் தின்பதற்குள் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். சடங்கு முடிந்ததும் நிறுத்திவிடாமல் டேப் தீரும் வரை ஓட விடுங்கள்.

பி.கு: மாமா இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். படித்துக் காட்டினேன். "நானூறு இல்ல, நானூத்தி இருபது கனெக்‌ஷன்" என்று திருத்தினார். வேறு எதுவும் சொல்லவில்லை. மறுநாள் பார்த்தால் பெட்டி பரணில் இல்லை. கூடத்தில் பீரோ பக்கத்தில், துணி போட்டு மூடி வைத்திருந்தார்.